லூர்த்தம்மாவின் பன்னிரண்டு சொற்கள்

'சோளகம்' என்ற எங்கள் போன் விளையாட்டில் கடைசி மாதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு வள்ளங்கள் இருந்தன. முந்நூற்றுப் பன்னிரண்டும் கரையில் நின்றன. ஒன்றிலும் ஒரு கீறல் இல்லை. கடல் சும்மா கிடந்தது.

அந்தக் கடலைச் செய்தவன் ஜெரிசன். குருநகரில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். மூன்று வருசமாக அவன் அந்தக் கடலைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. எங்கள் விளையாட்டுக் கம்பனி நல்லூரில், ஒரு ரியூசன் சென்ரருக்கு மேல்மாடியில். கீழே பௌதிக மாஸ்ரர் மைக் பிடித்துப் படிப்பிப்பார். அதனால் எங்கள் கம்பனியில் தேத்தண்ணி கொண்டுவருகிற அக்காவுக்கும் நியூட்டனின் மூன்று விதிகளும் பாடம்.

நான் ஜஸ்ரின். கம்பஸில் மூன்றாம் வருசம். கம்பனியில் என் பதவி சமூக முகாமையாளர். விளையாடுகிறவர்கள் அனுப்பும் முறைப்பாடுகளுக்கு மரியாதையாகப் பதில் எழுத வேண்டும். தொடக்கத்தில் முறைப்பாடே வரவில்லை. வந்ததெல்லாம் தூசணம், கெட்ட கெட்ட ஏச்சு. அது விளையாட்டு நன்றாகப் போகிறது என்பதற்கு அடையாளம் என்று ஜெரிசன் சொன்னான்.

அப்போது ஒரு வள்ளத்துக்கு மூன்று பேர். மூவரும் அவரவர் போனில். ஒருவர் சுக்கான் பிடிப்பார், ஒருவர் வலை விடுவார், ஒருவர் தண்ணி இறைப்பார். வள்ளம் எப்போதும் கொஞ்சம் ஒழுகும். மூவரும் ஒருவரோடொருவர் கதைக்கலாம், அதாவது ஏசலாம். காற்று நாலு: சோளகம், வாடை, கச்சான், கொண்டல். நாலையும் ஜெரிசன் தன் மாமா கனிசியஸிடம் கேட்டுக் கேட்டு எழுதினான். கனிசியஸ் மாமா முப்பது வருசமாக உண்மையான கடலில் தொழில் செய்பவர். காற்றுக் கடுமையாகிக் கடலுக்குப் போக ஏலாத நாட்களில் ஜெற்றியடியில் குந்தியிருந்து, போனில் எங்கள் கடலுக்குப் போவார்.

"டேய் மருமோன், உந்தக் கச்சான் உப்பிடி நேராய் வராது. முதல் ஒருக்காத் தட்டிப் பாக்கும். பிறகுதான் அடிக்கும்."

"தட்டிப் பாக்கிறதெண்டால் எத்தினை செக்கன், மாமா?"

"கொம்மா உன்ரை அறைக் கதவைத் தட்டுவா எல்லே, அவ்வளவுதான். தட்டிப்போட்டு நீ ஓம் எண்ணுறதுக்கு முன்னம் உள்ளுக்கை வந்திடுவா."

ஜெரிசன் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அம்மா தட்டும் வரை இருந்து, செக்கன் பிடித்தான். அடுத்த வாரம் எங்கள் கச்சான் ஜெரிசனின் அம்மா லூர்த்தம்மா அன்ரி மாதிரித் தட்டியது. பருத்தித்துறையிலிருந்து ஒருவர் 'இது உண்மைக் கச்சான்' என்று எழுதினார். கூடவே இரண்டு தூசணமும் எழுதியிருந்தார்.

பிறகு றஜிந்தன் அண்ணை கனடாவிலிருந்து வந்து கம்பனியை வாங்கினார். நல்ல மனிசன். இதை நான் நக்கலுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் எல்லாருக்கும் சாப்பிட றோல்ஸ் வாங்கித் தருவார். முதல் நாள் வெள்ளைப் பலகையில் ஒரு தராசு கீறினார். ஒரு தட்டில் 'விளையாட்டு', மற்றத் தட்டில் 'உரித்து', அதாவது சொந்தம்.

"தம்பியவை, விளையாடி முடிஞ்சாப் பிறகு சனத்தின்ரை கையிலை என்ன மிஞ்சுது?"

"சந்தோசம்," என்றான் ஜெரிசன்.

"அதை ஆருக்கும் எழுதிக் குடுக்கேலுமோ?"

ஏலாது என்று ஒத்துக்கொண்டோம்.

"அதுதான் சொல்லுறன். வள்ளத்தைச் சனத்துக்கு எழுதிக் குடுப்பம். புளொக்செயினிலை. ஒருத்தரும் பறிக்கேலாது, நாங்களே நினைச்சாலும் பறிக்கேலாது. விளையாட்டும் இருக்கட்டும், உரித்தும் இருக்கட்டும். பலன்ஸ்தான் முக்கியம்."

புளொக்செயின் என்றால் உலகமெல்லாம் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே நேரத்தில் கிடக்கும் ஒரு காணி உறுதி என்று நான் ஒரு விளக்கம் எழுதிப் போட்டேன். யாழ்ப்பாணத்தில் உறுதி என்றால் என்ன என்று ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு வள்ளமும் ஒரு கிழமையில் ஆட்களின் கைக்குப் போய் முடிந்தது. அதற்கு மேல் ஒரு வள்ளமும் செய்யக்கூடாது என்று புளொக்செயினிலேயே எழுதிப் பூட்டினார்கள். அதுதான் அதின் அருமையாம். வாங்கியவர்கள் அநேகம் பேர் வெளிநாட்டில். ஒரு வள்ளத்துக்கு ஒரு சொந்தக்காரர் என்பதால் மூன்று பேர் முறை எடுபட்டது, இனி ஒரு வள்ளத்தில் ஒருவர்தான். சொந்த வள்ளத்தில் ஆரையும் ஏற்ற அவர்களுக்கு மனமும் இல்லை.

முதற் புயலில் ஸ்காபரோவில் இருக்கும் பொன்னம்பலம் என்ற ஐயாவின் வள்ளம் கவிழ்ந்து தாண்டது. அவர் எழுதினார்: "என் ஆதனத்தை உங்கள் காற்று அழித்துவிட்டது. காற்றுக்குப் பொறுப்பு யார்?"

நான் பதில் எழுத முதல் கூட்டம் வைத்தார்கள். றஜிந்தன் அண்ணை தராசைத் திரும்பக் கீறினார். புயல் எடுபட்டது. அடுத்த மாதம் ஒழுகலும் எடுபட்டது. பிறகு வலை கிழிந்தால் வள்ளத்தின் மதிப்புக் குறைகிறது என்று முறைப்பாடு வர, வலை கிழிவதும் எடுபட்டது. கடைசியாகக் காற்று. நான் அறிவித்தல் எழுதினேன்: "உரிமையாளர்களின் வேண்டுகோளுக்கிணங்கக் கடல் அமைதியாக்கப்பட்டுள்ளது. ஏற்பட்ட அலைகளுக்கு வருந்துகிறோம்."

அதற்குப் பிறகும் ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. ஏன் போக வேண்டும்? காற்று இல்லாத கடலில் என்ன இருக்கிறது? ஆனால் எல்லாரும் ஒவ்வொரு நாளும் வந்தார்கள். வந்து தங்கள் வள்ளத்தைப் பார்த்தார்கள். பக்கத்து வள்ளத்தைப் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். வள்ளத்தைக் கழுவ ஒரு பொத்தான் வேண்டும் என்று கேட்டார்கள். ஜெரிசன் மறுத்தான். றஜிந்தன் அண்ணை வேறு ஒரு பொடியனைக் கொண்டு அதைச் செய்வித்தார். 'சோளகம்' வரலாற்றிலேயே ஆகக்கூடப் பாவிக்கப்பட்ட வசதி அதுதான்.

ஜெரிசன் மெலிந்துகொண்டு வந்தான். ஒரு நாள் றஜிந்தன் அண்ணையின் அறைக்குள் போய்ச் சொன்னான்.

"அண்ணை, எனக்குச் சம்பளம் கூட்ட வேண்டாம். என்ரை காத்தைத் திருப்பித் தாங்கோ."

"தந்தால் ஆர் போவினம்?"

"போவினம். விளையாட்டெண்டு ஒண்டு இருந்தால் சனம் போகும்."

"சரி. மாதக் கடைசி வெள்ளிக்கு முன்னம், இல்லாட்டி அண்டைக்கு, ஒரே நாளிலை நூறு பேர் கடலுக்குப் போகட்டும். போனால் உன்ரை காத்து, ஒழுகல், புயல், எல்லாம் திரும்ப வரும். நான் கையெழுத்து வைச்சுத் தாறன்."

"போகாட்டி?"

"வெள்ளி பின்னேரம் நாலு மணிக்கு சேர்வரை நிப்பாட்டுவம். சும்மா கிடக்கிற கடலுக்கு எவ்வளவு கரண்ட் இழுக்குது தெரியுமே?"

"அப்ப வள்ளங்கள்?"

"வள்ளத்துக்கு ஒண்டும் வராது தம்பி. அது புளொக்செயினிலை இருக்கு, எண்டைக்கும் இருக்கும். கடல்தான் சேர்வரிலை இருக்கு."

ஜெரிசன் வெளியே வந்து படியில் இருந்தான். எனக்கு ஒரு நகைச்சுவை வந்தது. சொல்லவில்லை.

இப்போது முதலாம் இலக்க வள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஜெரிசன் பரிசோதனைக்கு வைத்திருந்தது. மற்ற வள்ளங்களுக்குக் காற்றை நிற்பாட்டியபோது இதற்கு நிற்பாட்டவில்லை. பழைய மூன்று பேர் முறையும் இதில் அப்படியே கிடந்தது. கம்பனி அதை அவனுக்கே கொடுத்தது. அவன் தாயின் பெயருக்கு எழுதினான். லூர்த்தம்மா அன்ரி முதற் காரியமாகப் போனைக் கோயிலுக்குக் கொண்டுபோய், புது வள்ளம் என்று சொல்லி, பங்குச் சுவாமியிடம் ஆசீர்வாதம் கேட்டா. எங்கள் ஊரில் ஆசீர்வதிக்காத வள்ளம் கடலில் இறங்காது. சுவாமி தீர்த்தத்தைப் போனில் படாமல் பக்கத்தில் தெளித்தார். இரண்டு துளி பட்டுவிட்டது. திரை ஒரு மூலையில் கறுத்தது. அன்ரி அதை நல்ல அடையாளம் என்றா.

வள்ளத்தின் உரித்து இருக்கும் இடத்துக்கு வொலட் என்று பெயர். அதின் திறப்பு பன்னிரண்டு சொல். அந்தச் சொற்களை, அந்த ஒழுங்கில், எந்தப் போனில் அடித்தாலும் வொலட் திறக்கும். மற்றக் கம்பனிகளில் அது ஆங்கிலத்தில் வரும். எங்களுடையது உலகின் முதல் தமிழ் வொலட் என்று நான்தான் விளம்பரம் எழுதினேன். அந்தக் கடைசி வெள்ளி வருகிற கிழமை, திங்கட்கிழமை ஜெரிசன் தாய்க்குச் சொன்னான்:

"அம்மா, இந்தப் பன்னிரண்டு சொல்லையும் ஒரு கடதாசியிலை எழுதுங்கோ. ஒருத்தருக்கும் காட்டக்கூடாது. எனக்கும் காட்டவேண்டாம். உலகத்திலையே உங்களுக்கு ஆக நம்பிக்கையான இடம் எதுவோ, அங்கை வையுங்கோ."

உலகமெங்கும் வொலட் வைத்திருக்கிற எல்லாருக்கும் சொல்லப்படுகிற புத்திமதி அது. உலகமெங்கும் அதைச் சரியாகச் செய்த ஒரே ஆள் லூர்த்தம்மா அன்ரி என்று நினைக்கிறேன். கடதாசியை எட்டாக மடித்து, அந்தோனியார் கோயில் மன்றாட்டுப் பெட்டிக்குள் போட்டா.

அந்தப் பெட்டி செவ்வாய்க்கிழமை பின்னேரம் நவநாள் செபத்துக்குத் திறக்கும். உள்ளே இருக்கும் கடதாசிகளை றொசாந்தி ரீச்சர் மைக்கில் வாசிப்பா. ரீச்சர் முந்தி ஒருக்கா, 'வெளிநாட்டு மாப்பிள்ளை' என்று ஒரு தாய் எழுதியிருந்ததை 'நல்ல மாப்பிள்ளை' என்று திருத்தி வாசித்துவிட்டா. அந்தப் பிள்ளைக்குப் புத்தூரில் ஒரு நல்ல மாப்பிள்ளை வந்தது. தாய் இன்றுவரை ரீச்சரோடு கதைப்பதில்லை. அன்றிலிருந்து ரீச்சர் எழுதினதை எழுதினபடிதான் வாசிப்பா.

அந்தச் செவ்வாய் நானும் ஜெரிசனும் பின் வாங்கில் இருந்தோம். ஒரு சத்திரசிகிச்சை, இரண்டு விசா, ஒரு ஏஎல் சோதனை முடிந்தது. ரீச்சர் அடுத்த கடதாசியை விரித்தா. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தா. தெளிவாக வாசித்தா:

"குடை."

கோயில் ஒரு கணம் யோசித்தது. பிறகு பழக்கத்தில் எல்லாரும் சொன்னார்கள்: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"ஆமை."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"பனங்கிழங்கு."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

ஜெரிசனின் கை என் முழங்காலைப் பிடித்தது. அடுத்த நாளும் அந்த இடம் நீலமாக இருந்தது.

"துலா. கழுதை. நித்திரை." சனத்துக்கு இப்போது சுருதி பிடித்துவிட்டது. மாமிக்கும் ஊசிக்கும் ஆர்மோனியமும் சேர்ந்தது. மூக்கு, சனிக்கிழமை, வெங்காயம் எல்லாம் எங்களுக்காக வேண்டிக்கொண்டன. "பாலம்" என்று முடித்து ரீச்சர் கடதாசியை மடித்தா. சுவாமி "ஆமென்" என்றார். கோபுரத்து ஒலிபெருக்கி ஜெற்றிவரை கேட்கும்.

வெளியே வந்ததும் லூர்த்தம்மா அன்ரியிடம் ஓடினோம்.

"அம்மா! என்ன செய்தனீங்கள்?"

"நீதானே தம்பி சொன்னனீ, ஆக நம்பிக்கையான இடத்திலை வை எண்டு."

"நான் அலுமாரியைச் சொன்னனான்!"

"அலுமாரியை எலி அரிக்கும். அந்தோனியாரை எலி அரிக்குமே?"

நாங்கள் ஜெற்றிக்குப் போவதற்குள் கனிசியஸ் மாமா முதலாம் இலக்க வள்ளத்தில் ஏறிவிட்டார். வலை பொத்திக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் கேட்டாராம். பன்னிரண்டு சொல் என்றதும், மருமகன் சொன்ன திறப்பாக இருக்குமோ என்று சும்மா அடித்துப் பார்த்தாராம். "சனிக்கிழமையை மட்டும் விட்டிட்டன். பக்கத்திலை நிண்ட சுபாசைக் கேட்டன், அவன் சொன்னான்."

புதன் காலை அதே சொற்களை அடித்து வள்ளத்தில் ஏறியவர்கள் பதினாறு பேர். புதன் பின்னேரம் தொண்ணூறு. சுக்கானுக்கு ஒருவர், வலைக்கு ஒருவர் என்று ஜெரிசன் எல்லை வைத்திருந்தான். தண்ணி இறைக்கிறவர்களுக்கு எல்லை வைக்க மறந்துவிட்டான். ஆகவே எண்பத்தெட்டுப் பேர் தண்ணி இறைத்தார்கள். ஒழுகல் அவ்வளவு இருந்ததா என்றால், இல்லை. ஆனால் சுக்கான் கனிசியஸ் மாமாவின் கையில்; அவர் இறைக்கச் சொன்னால் இறைக்க வேண்டும்.

வியாழன் நான் கேட்டது இது. எல்லாம் ஒரே நேரத்தில்:

"இடக்கைப் பக்கம் போடுங்கோ! சோளகம் திரும்புது!"

"மாமா, இது சோளகமில்லை, கச்சான்."

"நீ எனக்குக் காத்துச் சொல்லித் தாறியோடா? தட்டினது கேட்டதே உனக்கு?"

"ரீச்சர், வலையை விடுங்கோவன்!"

"சும்மா கத்தாதையுங்கோ. வரிசையாய்க் கதையுங்கோ. நான் விடேக்கை விடுவன்."

"ஆரது பின்னாலை இறைக்காமல் சும்மா நிக்கிறது?"

"நான்தான், கனிசியஸ்."

"சுவாமியோ? சுவாமியெண்டாலும் இறைக்கவேணும்."

"இறைக்கிறன், இறைக்கிறன். எந்தப் பொத்தான்?"

"அக்கா, நீ வெளியிலை ஊத்து! உள்ளுக்கை ஊத்திறாய்!"

"எனக்கு ஒரு மூலை கறுப்படா, தெரியேல்லை."

வலை நிறைய ஓரா மீன் வந்தது. ஒரு திருக்கையும் வந்து வலையைக் கிழித்தது. இருநூறு பேர் ஒரே குரலில் றொசாந்தி ரீச்சரை ஏசினார்கள். ரீச்சர் எல்லாரையும் திருப்பி ஏசினா; அவ்வளவு சொற்கள் ரீச்சருக்குத் தெரியும் என்று ஊருக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்கு எட்டு மாதத்துக்குப் பிறகு தூசணம் வந்தது. ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை, எல்லாவற்றையும் ஜெரிசனுக்கு அனுப்பினேன். அவன் மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். பிறகு எழும்பிக் கணக்குப் பார்த்தான்.

"இருநூற்றுப் பதினாலு பேர்டா. நூறுதானே கேட்டவர்."

எத்தனை பேர் கடலுக்குப் போனார்கள் என்ற உத்தியோகபூர்வ எண்ணிக்கை றஜிந்தன் அண்ணையின் கணினியில்தான் வரும். அவர் கொழும்பில். வெள்ளி காலைதான் வந்தார். ஜெரிசன் ஷேர்ட் அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு அவருடைய அறைக்குப் போனான். நான் பின்னால் போனேன். அவர் பக்கத்தைத் திறந்தார்.

புதன்: 1. வியாழன்: 1. இன்று: 1.

"இது பிழை, அண்ணை," என்றான் ஜெரிசன்.

"பிழையில்லைத் தம்பி. ஒரு வள்ளம், ஒரு வொலட், ஒரு ஆள். சிஸ்ரம் வொலட்டைத்தான் எண்ணும்."

ஜெரிசன் தன் போனை மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினான். அறை முழுக்கக் குருநகர். ஆரோ பாடினார்கள். ஆரோ ஆரையோ குரங்கு என்றார்கள். கனிசியஸ் மாமா வாடை வருகுது என்று கத்தினார். றஜிந்தன் அண்ணை கதிரையில் முன்னுக்கு வந்து கேட்டார். ஒரு நிமிசம், இரண்டு நிமிசம். ஒரு கட்டத்தில் அவரும் சிரித்தார்.

"நல்லாத்தான் கிடக்கு," என்றார்.

"இருநூறு பேர், அண்ணை."

"கேக்குது. ஆனால் இதிலை ஆர் ஓனர்?"

"அம்மா."

"அப்ப மற்ற ஆக்கள் ஆர்?"

விளையாடுகிறவர்கள் என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கணினிப் பக்கத்தில் அப்படி எண்ணுகிற ஒரு நிரல் கிடையாது.

"எல்லாருக்கும் ஒவ்வொரு வள்ளம் குடுத்தால்?" என்று கேட்டேன்.

"முந்நூற்றுப் பன்னிரண்டுக்கு மேலை செய்யேலாது. பூட்டியாச்சு. நான் நினைச்சாலும் ஏலாது. அதுதானே அதின்ரை பெறுமதி." அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "மற்ற ஓனர்மாரைக் கூப்பிடுங்கோ. இன்னும் ஐஞ்சு மணித்தியாலம் இருக்கு. தொண்ணூற்றொன்பது பேர் வந்தால் காணும். நான் சொன்ன சொல் சொன்னதுதான்."

ஜெரிசன் தன் மேசைக்குப் போய் இருந்தான். முந்நூற்றுப் பதினொரு பேருக்கும் நான் எழுதினேன். நான் எழுதியவற்றிலேயே நக்கல் இல்லாத ஒரே கடிதம் அதுதான். "ஒருக்கா மட்டும், இன்றைக்கு மட்டும், உங்கள் வள்ளத்தைக் கடலில் இறக்குங்கள். காற்று இல்லை. அலை இல்லை. ஒரு சேதமும் வராது. நீங்கள் இறங்காவிட்டால் நாலு மணிக்குக் கடல் இராது."

பதில்கள் வந்தன. ஒருவர், கடல் இல்லாவிட்டால் வள்ளத்தின் விலை கூடுமா குறையுமா என்று கேட்டிருந்தார். ஒருவர் வள்ளம் மகளின் சீதனத்தில் சேர்ந்துவிட்டது, மருமகனைக் கேட்க வேண்டும் என்றார். ஒருவர் இன்று அட்டமி என்றார். மீனாம்பிகை என்ற ஒரு அம்மா பாரிசிலிருந்து, தன் வள்ளத்தை இதுவரை தண்ணியில் வைக்கவில்லை, வைத்தால் அது பழசு ஆகிவிடாதா என்று மெத்தப் பண்பாகக் கேட்டிருந்தா. அவவுக்குப் போன் எடுத்துக் கதைத்தேன். பழசாகாது அம்மா என்றேன். "நீர் சொல்லுவீர் தம்பி," என்றா.

பொன்னம்பலம் ஐயா இறங்கினார். அதைச் சொல்லத்தான் வேண்டும். அவருக்கு அங்கே விடியற்காலை. கரையிலிருந்து இரண்டு மீற்றர் போய், நின்று, திரும்பி வந்தார். சிஸ்ரம் எண்ணியது: 2. அவர் எனக்குத் தனியாக எழுதினார்: "போய் வந்தேன். ஒன்றும் இல்லையே?"

மூன்று மணிக்கு எண்ணிக்கை ஆறு. மூன்றரைக்கு ஒன்பது. ஜெரிசன் ஒவ்வொரு நிமிசமும் பக்கத்தைப் புதுப்பித்தான். றஜிந்தன் அண்ணை றோல்ஸ் கொண்டுவந்து வைத்தார். ஒருவரும் தொடவில்லை என்று எழுத ஆசைதான். நான் இரண்டு சாப்பிட்டேன்.

"அண்ணை, ஒரு கிழமை தாங்கோவன்," என்றான் ஜெரிசன்.

"ஒரு கிழமையிலை மீனாம்பிகை அம்மா மனம் மாறுவாவே?"

ஜெரிசன் நேர்மையான பொடியன். "மாட்டா," என்றான்.

நாலு மணிக்கு ஒருவரும் ஒரு பொத்தானையும் அமத்தவில்லை. முதலே நேரம் வைத்த காரியம் அது. முதலாம் இலக்க வள்ளத்தில் அப்போது வலை பாதி இழுபட்டிருந்தது. கடல் ஒரு தரம் சிலும்பி, அப்படியே நின்றது. பிறகு திரை வெள்ளையானது. பெரிய எழுத்தில் நான் முந்தியே எழுதி வைத்த வசனம் வந்தது: "உங்கள் வள்ளம் பாதுகாப்பாக உள்ளது."

குரல் போகிற வழி வேறு சேர்வர். அதை நிற்பாட்ட மறந்துவிட்டார்கள். ஆகவே சத்தம் மட்டும் இருந்தது.

"என்னடா, எனக்கு வெள்ளையாய் நிக்குது."

"எனக்கும்தான். சிக்னல் இல்லை போல."

"இழுங்கோ ரீச்சர், விடாதையுங்கோ. இப்ப வந்திடும்."

"நான் இழுத்துக்கொண்டுதான் நிக்கிறன்."

"இறையுங்கோ, இறையுங்கோ! தெரியாட்டிலும் இறையுங்கோ! வரேக்கை வள்ளம் மிதக்கவேணும்."

இருபது நிமிசம் அப்படி இறைத்தார்கள். ஜெரிசன் மைக்கை எடுத்து, "மாமா, கடல் இல்லை," என்றான். கனிசியஸ் மாமாவுக்குக் கேட்கவில்லை. இருநூறு பேர் கதைக்கிற இடத்தில் ஒருவர் குரல் கேளாது. இன்னொருக்காச் சொன்னான். பிறகு சொல்லவில்லை. பொத்தான் அமத்துகிற சத்தம் மழை மாதிரி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவராக விட்டுப் போனார்கள். கடைசியாக லூர்த்தம்மா அன்ரி மட்டும், "ஒருத்தரும் இல்லையே? நான் தனியவே இறைக்கிறன்?" என்று கேட்டா. ஜெரிசன் போனை மூடினான்.

சனிக்கிழமை முதலாம் இலக்க வள்ளம் களவு போனது. பன்னிரண்டு சொல்லும் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தும், வள்ளம் ஓடிக்கொண்டிருந்த மூன்று நாளும் ஒருவரும் அதை எடுக்க நினைக்கவில்லை. கடல் போன அடுத்த நாள் ஆரோ அதைத் தங்கள் வொலட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஞாயிறு பூசையில் சுவாமி, எடுத்தவர் திருப்பி வைக்கும்படி பிரசங்கத்தில் கேட்டார். எங்கே வைப்பது என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. லூர்த்தம்மா அன்ரி அழவில்லை. "அதை வைச்சு என்ன செய்யிறது, எடுத்ததுகள் பாவங்கள்," என்றா.

திங்கட்கிழமை ஜெரிசன் மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்கப் போனான். சாட்சிக் கையெழுத்துக்கு ஒருவர் வேண்டும் என்று என்னையும் வரச்சொன்னார்கள்.

"அண்ணை, காத்துகளை மட்டும் நான் கொண்டுபோகட்டோ?"

"எந்தக் காத்து?"

"நாலும். நான் எழுதினது. மாமாவைக் கேட்டு எழுதினது."

றஜிந்தன் அண்ணை ஒப்பந்தத்தை எடுத்து, பக்கம் புரட்டி, அவனுக்குத் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்தார். "வேலை செய்யேக்கை எழுதினது எல்லாம் கம்பனிக்கு. இஞ்சை பார், உன்ரை கையெழுத்து. நான் இதிலை இரக்கப்பட ஏலாது தம்பி. நாளைக்கு ஆரும் வாங்க வந்தால் முழுசாய் இருக்கவேணும்."

"ஆர் வரப்போயினம்?"

"ஒருத்தரும் வராயினம்," என்று அவரே சொன்னார். முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

நாலு காற்றுக்கும் கம்பனிக்கு ஒரு பிரதி எடுத்து, மடிக்கணினியில் இருந்ததை அழிக்க நாற்பது நிமிசம் பிடித்தது. தேத்தண்ணி வந்தது. மூவரும் குடித்தோம். திரையில் ஒரு பச்சைக் கோடு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மெல்ல மெல்லப் போனது. ஜெரிசன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் றஜிந்தன் அண்ணை பிரதியை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு படிவத்தை நிரப்பினார்: மடிக்கணினி ஒன்று, சார்ஜர் ஒன்று, மவுஸ் ஒன்று. நிலை என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதினார்.

ஜெரிசன் கையெழுத்து வைத்தான். அதற்குக் கீழே நான் வைத்தேன்.